பிரைன்வுட் குடும்பத்தார் உபயம்

ஜாபேஸுக்குப் பால் பிடிக்காது. இருபது வருஷமாக, தினமும் இரண்டு வேளை, பால்தான் குடித்துவருகிறார். அவருக்கு 'ப' வரும், 'ட' வராது. நெல்லைக்குப் பக்கத்தில் பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், தொழிற்பேட்டை வாசலில் இருக்கும் கடையில் டீ கேட்க நின்றார். அந்த எழுத்து நாக்கின் நுனியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். "பால்" என்றார். அது வழுக்கிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து பால். இப்போது கடைக்காரர் கேட்பதுகூட இல்லை. ஆளைக் கண்டதும் ஆடையோடு ஊற்றிவிடுகிறார், அன்பினால்.

திக்குவாய்க்காரர்களுக்குப் பேச நேரம் போதவில்லை என்று உலகம் நினைக்கிறது. அவர்களிடம் நேரம் தாராளமாக இருக்கிறது. எதிரில் நிற்பவரிடம்தான் இல்லை. ஜாபேஸ் ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டால் போதும், முடித்துவைக்க ஊரே வரிசையில் நிற்கும். அக்கா பிரிஸில்லா முடிப்பார், முதலாளி இசக்கி அண்ணாச்சி முடிப்பார், பஸ் கண்டக்டர் முடிப்பார். எல்லாரும் தவறாக. ஜாபேஸ் தலையாட்டிவிடுவார். மறுத்துச் சொல்வதற்கு இன்னொரு வாக்கியம் வேண்டுமே. இப்படித் தலையாட்டியே போகவேண்டாத ஊர்களுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறார். ஒருமுறை, தனக்குப் பிடித்த பெண்ணையே வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். அதாவது அவர் 'வே' என்று தொடங்கியது வேறெதற்கோ, அக்கா முடித்துவிட்டார். அவருக்கு இப்போது நாற்பத்துமூன்று வயது. பாளையங்கோட்டையில், விதவையான அந்த அக்காவுடன்தான் குடியிருக்கிறார்.

எழுத்தில் அவருக்குத் திக்கல் கிடையாது. இசக்கி அண்ணாச்சியின் கிரில் பட்டறையில் பில் எழுதுவதும் கடிதம் எழுதுவதும் அவர் வேலை. வீட்டு வாசல் கேட் முதல் குலசேகரன்பட்டினம் தசரா கூட்டத்துக்கான தடுப்புக் கம்பி வரை அந்தப் பட்டறையில் செய்யாத இரும்பு இல்லை. அப்படிக் கம்பி இறக்கப் போன ஒரு நாள் மட்டுமே ஜாபேஸ் கடலைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு லாரிக்குள் ஏறிக்கொண்டார். தண்ணீர் அவருக்குப் பயம்.

அப்படிப்பட்டவர் பதினொரு வருஷமாகக் கலங்கரை விளக்கம் காத்தார்.

லேன்டர்ன் கோஸ்ட் என்று ஒரு ஆன்லைன் விளையாட்டு. பிரைன்வுட் என்ற கனடா நாட்டுக் கம்பெனி நடத்தியது. சுடுவதும் வெட்டுவதும் இல்லாத விளையாட்டு, அதனாலேயே கூட்டம் குறைவு. ஆளுக்கொரு படகு, சரக்கு ஏற்றி ஊர் ஊராகப் போய் விற்கலாம். ஆனால் அடிக்கடி மூடுபனி இறங்கிவிடும். அப்போது படகுகள் துறைமுகம் சேரவேண்டுமென்றால் கலங்கரை விளக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து விளக்கைத் திருப்பி, வழியைத் தட்டச்சு செய்து சொல்லவேண்டும். இடப்பக்கம் பாறை, பைய வாங்க, இப்போது நேராக. அந்த வேலைக்கு விளையாட்டில் லாபம் எதுவும் வைக்கவில்லை; ஆகவே யாரும் எடுக்கவில்லை. ஜாபேஸ் எடுத்தார். தினமும் மாலை ஏழு மணி முதல் ஒன்பது வரை, பதினொரு வருஷம்.

அங்கே அவர் பெயர் விளக்கண்ணாச்சி. பேட்டையில் பெட்டிக்கடைப் பையன்கூட அவரை அண்ணாச்சி என்றதில்லை. இங்கே நெல்லை முதல் ஷார்ஜா வரை சிதறிக் கிடந்த இருநூறு தமிழ் விளையாட்டுக்காரர்கள், பனி இறங்கியதும் முதலில் கேட்டது: "விளக்கண்ணாச்சி இருக்காவளா?" அவர் தட்டச்சு செய்து முடிக்கும் வரை அத்தனை படகும் காத்து நிற்கும். ஒரு மனிதன் தன் வாக்கியத்தின் முடிவு வரை போய்வர அனுமதிக்கப்பட்ட இடம் உலகத்தில் ஒன்றாவது இருக்கவேண்டும் அல்லவா. அவருக்கு அது இந்த இடம்.

அந்த இருநூறு பேருக்குத் தலைவன் அலி அக்பர். மேலப்பாளையத்துக்காரன், ஷார்ஜாவில் கிடங்கு மேற்பார்வை. 'மேலப்பாளையம் எக்ஸ்பிரஸ்' என்று அவன் படகுக்குப் பெயர். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம், "அண்ணாச்சி, நாளைக்கு நம்ம வீட்டுலதான் சோறு, மறுக்கப்படாது" என்று செய்தி அனுப்புவான். ஜாபேஸ் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். ஜாபேஸ் ஒவ்வொரு தடவையும் ஒரு காய்ச்சலையோ வெளியூர் வேலையையோ எழுதி அனுப்பிவிடுவார். பதினொரு வருஷ நண்பர்கள். ஒருவர் குரலை ஒருவர் கேட்டதில்லை. அந்த நட்பு நீடித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று ஜாபேஸ் நம்பினார்.

போன வருஷம் பிரைன்வுட் அறிவித்தது: ஆட்கள் போதவில்லை, சர்வரை மூடுகிறோம், இன்ன தேதியோடு விளக்குகள் அணையும், உங்கள் அன்புக்கு நன்றி.

விளையாட்டுக்காரர்கள் முதலில் திட்டினார்கள். பிறகு எந்த நாட்டிலோ யாருக்கோ ஒரு யோசனை வந்தது. அடுத்த வருஷச் சந்தாவாகக் கம்பெனிக்குக் கட்டியிருக்கவேண்டிய பணத்தை, கம்பெனியின் பெயரிலேயே தர்மத்துக்குக் கொடுத்துவிடுவது. ரசீதைப் படமெடுத்துக் கம்பெனியின் பக்கத்தில் ஒட்டுவது. நீங்கள் போதாது என்று சொன்ன கூட்டத்தின் கை எவ்வளவு பெரியது என்று பாருங்கள் என்பது உள்ளர்த்தம். கெட்ட வார்த்தைக்குப் பதில் ரசீது. நாகரிகமான எதிர்ப்புதான். நாகரிகமான எல்லாவற்றையும்போல, வெளியே நிற்பவனுக்குப் பணிவாகத் தெரியக்கூடியது.

வெவ்வேறு நாட்டுக்காரர்கள் நாய்க் காப்பகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொடுத்தார்கள். தமிழ்க் குழுவில் அலி அக்பர் எழுதினான்: "நம்ம பங்கை விளக்கண்ணாச்சி எங்க சொல்லுதாவளோ அங்கன குடுப்போம். யாரும் எதிர்த்துப் பேசப்படாது."

ஜாபேஸ் யோசிக்கவே இல்லை. அவர் தெருவுக்குப் பின்னால் காது கேளாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு மிஷன் விடுதி இருக்கிறது. பெயர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அங்கே போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பார். அவர் திக்குவது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. "மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் கலங்கி, அவர்கள் குழாயில் காப்பி நிறத்தில் வருகிறது. சுத்திகரிக்கும் இயந்திரமும் ஒரு தொட்டியும் வாங்கிக் கொடுக்கலாம்" என்று எழுதினார். இருநூறு பேரும் சரி என்றார்கள்.

விடுதியின் செயலாளர் வேதநாயகம் ஐயா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஜாபேஸ் எழுதிக் கொண்டுபோன கடிதத்தைக் கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு தடவை படித்தார். கடிதம் சுருக்கமாக இருந்தது. குடிநீர் இயந்திரம், பிரைன்வுட் நிறுவனத்தின் பெயரில் வழங்கப்படுகிறது. ரசீதும் அந்தப் பெயருக்கே தரவேண்டும். நிறுவனத்தின் முகவரி இது. எதிர்ப்பு, போராட்டம் என்ற சொற்களை ஜாபேஸ் வேண்டுமென்றேதான் விட்டுவிட்டார். அந்த விடுதியின் நிர்வாகக் குழு, போராட்டம் என்ற சொல்லைக் கண்டால் ஆறு மாதம் கூடிப் பேசி, ஜெபித்து, ஒத்திவைக்கும்.

"பிரைன்வுட்னா எந்த ஊர்க்காரங்க தம்பி? வெள்ளக்காரங்களா?"

"க... க..."

"கம்பெனிதான், தெரியுது. அதான் பாருங்க, மிஷன் காலத்துத் தொடர்பு விட்டே போகல. எங்கிருந்தோ நம்ம பிள்ளைங்க தாகம் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அவங்களுக்கு ஒரு கல்லு வச்சிருவோம்."

ஜாபேஸ் தலையாட்டினார். இந்த முறை மனப்பூர்வமாக.

கல் வைப்பது என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் யாரும் பெயரில்லாமல் ஒரு பல்புகூடக் கொடுப்பதில்லை. தேவாலயத்து மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் மூன்று தலைமுறையின் பெயர் சுற்றும். கோயில் டியூப் லைட்டில் எழுத்து போக மிச்சம் இருக்கும் இடத்தில்தான் வெளிச்சம். பள்ளிவாசல் கடிகாரம் மணியைக் காட்டுவதற்கு முன்னால் கொடுத்தவரைக் காட்டும். மதங்கள் ஒத்துப்போகாத விஷயம் பல உண்டு. இதில் ஒருவருக்கொருவர் வித்தியாசமே இல்லை. கொடை என்றால் கல், கல் என்றால் பெயர்.

ஒரு வாரம் கழித்து, கல்வெட்டுக்கான எழுத்துப் படியை வேதநாயகம் ஐயா ஜாபேஸிடமே கொடுத்தார். "நீங்கதான் எழுத்துக்காரரு. பிழை இருந்தா இப்பமே சொல்லிருங்க. கல்லுல வெட்டுன பொறகு கர்த்தரே வந்தாலும் திருத்த முடியாது."

தேவனுக்கே மகிமை. குடிநீர்க் கூடம். உபயம்: பிரேன்வுட் & குடும்பத்தார்.

ஜாபேஸ் அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய், பால் ஆறும் வரை வைத்துப் படித்தார். பிரேன்வுட் என்பதைப் பிரைன்வுட் என்று திருத்தினார். 'குடும்பத்தார்' என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. கம்பெனிக்கு ஏது குடும்பம்? ஆனால் எல்லாக் கல்லிலும் அப்படித்தான் இருக்கிறது. அதில்லாமல் கல் மொட்டையாகத் தெரியும். விட்டுவிட்டார். கீழே கையெழுத்துப் போட்டார். பார்க்க நன்றாக இருந்தது என்றுகூட நினைத்தார்.

வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் அவர் வாக்கியத்தைத் தவறாக முடித்துவைத்தார்கள். ஒரே ஒரு முறை அவரே, நேரம் எடுத்து, பிழை பார்த்து, தானே முடித்தார்.

திறப்பு விழா நல்லபடியாக நடந்தது. பிள்ளைகள் இயந்திரத்தின் முன்னால் நின்றார்கள். 'நன்றி பிரைன்வுட்' என்று ஒரு துணிப் பதாகை. கல் பின்னால் பளபளத்தது. வேதநாயகம் ஐயா படத்தோடு, தன் பழைய மிஷன் ஆங்கிலத்தில், கொடையாளருக்கு முறைப்படி ஒரு கடிதம் எழுதினார். தங்கள் தாராள மனத்துக்கு நன்றி. தங்கள் தொழில் செழிக்கட்டும். தாங்கள் எடுக்கும் முடிவுகள் அனைத்தையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.

உலகம் முழுவதிலுமிருந்து பிரைன்வுட்டுக்கு ஆயிரக்கணக்கான ரசீதுகள் போயிருந்தன. ஒன்றுக்கும் அது பதில் சொல்லவில்லை. இந்த ஒரு நன்றிக் கடிதத்துக்குச் சொன்னது. படத்தையும் கடிதத்தையும் தன் பக்கத்தில் போட்டு, "விடைபெறும் வேளையிலும் எங்கள் வெளிச்சம் இந்தியாவின் ஒரு சிற்றூரை எட்டியிருக்கிறது. எங்கள் முடிவைப் புரிந்துகொண்டு வாழ்த்தியவர்களுக்கு நன்றி" என்று எழுதியது. அதற்குக் கீழே முன்பின் தெரியாதவர்கள் கண்ணீர் விட்டார்கள். எவ்வளவு நல்ல கம்பெனி. அந்த வாரத்திலேயே மற்ற நாடுகளில் எதிர்ப்பு பிசுபிசுத்துப்போனது. வாழ்த்தப்பட்டவரை எதிர்ப்பது கஷ்டம்.

மறுநாள் மாலை ஜாபேஸின் போன் அடித்தது. ஷார்ஜா எண். ஒருநாளும் அழைக்காதவன் அழைக்கிறான். அக்கா பக்கத்தில் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தார். ஜாபேஸ் எடுத்தார்.

"விளக்கண்ணாச்சி, நான் அலி அக்பர் பேசுதேன். ஏன் அண்ணாச்சி இப்படிப் பண்ணுனிய? கல்லுல அவன் பேரு. நன்றின்னு போர்டு. அவன் முடிவை ஆசீர்வதிக்கணும்னு லெட்டரு. என்ன நடந்துச்சு, நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னா நான் எல்லார்ட்டயும் சொல்லிருதேன்."

ஜாபேஸ் வாயைத் திறந்தார். சொல்லவேண்டியது முழுவதும் தலைக்குள் வரிசையாக நின்றது. முதல் எழுத்து வரவில்லை.

"அண்ணாச்சி?"

மூச்சு மட்டும் போனது. அந்தப் பக்கம் கிடங்கில் வண்டி பின்னால் வரும் சத்தம் கேட்டது.

"லைன்ல இருக்கியள்ல? மூச்சு விடுதது கேக்குது. கம்பெனிக்காரன் ஏதும் குடுத்தானா? இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. ஒரு வார்த்த போதும், நான் நம்பிருவேன்."

இல்லை என்பது சின்னச் சொல்தான். 'இ' என்ற எழுத்தில் தொடங்குகிறது. ஜாபேஸ் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தள்ளினார். நாற்காலியின் கைப்பிடி நெரிந்தது.

"வாய்ல என்ன வே கொழுக்கட்டையா? பதினோரு வருசம்வே. நீரு சொன்ன வழியிலதான அத்தன பேரும் வந்தோம். ஒரு 'இல்ல' சொல்ல முடியல உம்மால." கொஞ்ச நேரம் காத்திருந்தான். நியாயமாகச் சொன்னால், மற்றவர்களைவிட அதிக நேரமே காத்திருந்தான். "சரி வே. புரிஞ்சிட்டு."

வைத்துவிட்டான்.

"யாரு லே போன்ல?" என்றார் அக்கா. "ஒண்ணும் பேசாம வச்சிட்ட?"

"த... த..."

"தப்பான நம்பரா? எனக்கும் ரெண்டு நாளா வருது."

ஜாபேஸ் தலையாட்டினார்.

பிறகு உட்கார்ந்து எழுதினார். தனக்குத் திக்கும் என்பதை, முதல் முறையாக, எழுதினார். கல் வைக்கும் வழக்கம், கடிதத்தில் தான் மறைத்த சொல், எழுத்துப் படியில் போட்ட கையெழுத்து, எல்லாவற்றையும் நான்கு பத்திகளில், எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினார். கடைசி வாக்கியத்துக்குப் புள்ளி வைத்து அனுப்பியபோது, இந்தக் குழுவில் நீங்கள் இல்லை என்று திரை சொன்னது. அலி அக்பருக்குத் தனியாக அனுப்பினார். அது போய்ச் சேரவில்லை, விளையாட்டுக்குள்ளும் வெளியிலும் அவரை அவன் தடுத்துவைத்திருந்தான். இவ்வளவு அழகாக எழுதப்பட்ட மன்னிப்புக் கடிதத்தை இன்றுவரை இருவர்தான் படித்திருக்கிறார்கள். அதில் ஒருவர் ஜாபேஸ்.

மூடுவதற்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. ஜாபேஸ் வழக்கம்போல ஏழு மணிக்கு விளக்கை ஏற்றினார். பனி இறங்கியது. ஆனால் படகுகள் அவர் பக்கம் வரவில்லை. வடக்கே காவலில்லாத இன்னொரு துறை இருந்தது. எல்லோரும் அங்கே போனார்கள். வழி சொல்ல ஆளில்லாமல், பாறையில் மோதி, சரக்கோடு மூழ்கினார்கள். திரையின் ஓரத்தில் ஒவ்வொரு படகும் மூழ்கியதற்கு ஒரு வரி வரும். ஜாபேஸ் அந்த வரிகளைப் படித்துக்கொண்டு, யாரும் பார்க்காத விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். கொள்கைக்காகப் பாறையில் மோதுவது மனிதருக்கு எப்போதுமே கைவந்த காரியம். தாங்க முடியாதது, அந்தப் பாறைகள் ஒவ்வொன்றும் இருக்கும் இடம் அவருக்குத் தெரியும் என்பதுதான்.

கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. நம் கணக்கில் மாலை ஐந்தரைக்கு மூடுவார்கள். பட்டறையில் சனிக்கிழமைதான் சம்பள நாள். பில்காரர் இல்லாமல் முடியாது. ஜாபேஸ் இசக்கி அண்ணாச்சி முன்னால் போய் நின்றார்.

"லீவா? சனிக்கெழமையிலயா? என்னடே விசேசம்?"

"சா... சா..." சாயங்காலம் மட்டும் என்று சொல்ல வந்தார்.

"சாவா? ஐயையோ. யாரு, சொந்தமா?"

ஜாபேஸ் யோசித்தார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் அவர் வாக்கியத்தைச் சரியாக முடித்திருக்கிறார். தலையாட்டினார்.

"வயசாளியாடே?"

"பதினொண்ணு." 'ப' அவருக்கு எப்போதும் வரும்.

"பச்சப் புள்ளையால்லா!" அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். முரட்டு மனிதர், கண் கலங்கிவிட்டது. சட்டைப் பையிலிருந்து ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்து ஜாபேஸின் கையில் திணித்தார். "நான் குடுத்தேன்னு ஒரு மாலை வாங்கிப் போடு. போ, போ, இங்கன நிக்காத. பில்ல நான் பாத்துக்கிடுதேன்."

மாலை வாங்கவில்லை. போட இடமில்லை. ஐந்து மணிக்கு விளக்கில் ஏறி உட்கார்ந்தார். கடைசி நாள் என்பதற்காகக் கம்பெனி எதையும் மாற்றவில்லை. பனி இறங்குகிற நேரத்தில் இறங்கியது. ஐந்தேகாலுக்குப் பனிக்குள் ஒரு படகின் முனை தெரிந்தது. மேலப்பாளையம் எக்ஸ்பிரஸ்.

அந்த விளையாட்டில் கலங்கரை விளக்கத்தை நெருங்கும் படகு மணி அடித்து வணக்கம் சொல்லலாம். படகு மணி அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. அவர் எழுதினால் அவனுக்குத் தெரியாது, தடுத்துவைத்திருக்கிறான். ஆகவே ஜாபேஸ் விளக்கை மட்டும் திருப்பினார். இடப்பக்கப் பாறையைக் காட்டினார், பிறகு நேர் வழியை. படகு அந்த வெளிச்சத்திலேயே, ஒரு பாறையிலும் இடிக்காமல், பைய உள்ளே வந்தது. வந்து, துறையின் மறு ஓரத்தில், அவருக்கு முதுகு காட்டிக் கட்டிக்கொண்டது. அதன் பொருள் என்னவென்று கேட்க அவருக்கு வழியில்லை. ஐந்தரைக்குத் திரை சாம்பல் நிறமாகி, இணைப்பு துண்டிக்கப்பட்டது என்றது.

திங்கட்கிழமை இசக்கி அண்ணாச்சி குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது" என்றார் ஜாபேஸ். ஒரு தடையும் இல்லாமல் வந்தது.

ஆறு மாதத்தில் பிரைன்வுட் கம்பெனியை வேறொரு பெரிய கம்பெனி வாங்கி, அந்தப் பெயரையே எடுத்துவிட்டது. இப்போது அந்தப் பெயர் பளபளப்பாகப் பொறித்திருக்கும் இடம் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒன்றுதான். அது பாளையங்கோட்டையில் இருக்கிறது. கிரானைட். இருநூறு வருஷம் தாங்கும் என்று கல்தச்சர் உத்தரவாதம் கொடுத்திருக்கிறார்.

இந்த வருஷம் விடுதி ஆண்டு விழாவில், கொடையாளர்களைக் கௌரவிக்கும் நேரம் வந்தது. வேதநாயகம் ஐயா மைக்கைப் பிடித்து, "பிரைன்வுட் குடும்பத்தார் சார்பா நம்ம ஜாபேஸ் தம்பி வரணும்" என்றார். ஜாபேஸ் போனார். ஒரு வாரமாகத் தயார்செய்து, முடிந்தவரை எளிதாக வரும் எழுத்துகளாகப் பொறுக்கி, ஒரு வாக்கியம் வைத்திருந்தார்: பணம் கொடுத்தவர்கள் வேறு இருநூறு பேர். மைக்கை வாங்கினார். முன் வரிசையில் பிரிஸில்லா அக்கா.

"பணம்..." என்றார். நன்றாக வந்தது. அடுத்த சொல்லில் 'கொ' நின்றுவிட்டது. மைக் அந்த ஒற்றை எழுத்தை மண்டபம் முழுக்கத் தட்டிக்கொண்டே இருந்தது. எல்லோரும் குனிந்துகொண்டார்கள்.

வேதநாயகம் ஐயா நல்லவர். ஒரு மனிதன் சபையில் தவிப்பதை அவரால் பார்க்க முடியாது. மைக்கைப் பைய வாங்கி, "பணம் கொடுத்தவங்க இனியும் கொடுப்பாங்கன்னு சொல்லுதாரு" என்று முடித்துவைத்து, சால்வையை விரித்து அவர் தோளில் போட்டார்.

பெரியவர்கள் கைதட்டினார்கள். பிள்ளைகள் இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை அசைத்தார்கள். அவர்கள் கைதட்டும் முறை அது, சத்தம் இருக்காது. ஜாபேஸ் தலையாட்டினார்.